புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்களா?

சாப்பிடும்போது புரை ஏறினால், "யாரோ உங்கள நெனைக்கிறாங்க" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் பழக்கம். எப்போதாவது ஒருமுறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். என் அப்பாவையோ மூன்று வேளையும் யாரோ நினைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்பாவுக்கு வயது 74. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாமாக் கடையில், பழைய நண்பர்களோடு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். முதலில் ரொட்டி சானாய் நின்றது. "இப்பல்லாம் மாவு சரியில்ல" என்றார். பிறகு வீட்டில் கோழிக்கறி நின்றது. அதன்பின் கடைக்குப் போவதே நின்றுபோனது. கல்யாண வீடுகளில் மொய்யைக் கொடுத்துவிட்டு, "வீட்ல போய்ச் சாப்பிட்டுக்கிறேன்" என்று கிளம்பிவிடுவார். எட்டு மாதத்தில் 9 கிலோ குறைந்தது.

ஜொகூரில் வேலை பார்க்கும் என் தம்பி தினமும் போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பான். "சாப்பிட்டேன்டா" என்பார் அப்பா. அது பொய்யில்லை. அரைத் தட்டு சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆனது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கிளினிக்கில் முதலில் 'கேஸ்ட்ரிக்' என்று மருந்து கொடுத்தார்கள். குணமாகாததால் பெரிய மருத்துவமனையில் 'ஸ்கோப்' செய்து பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை. இந்த வயதில் விழுங்கச் சிரமம் என்றால் முதலில் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்பதால், அந்த முடிவு எங்களுக்கு நிம்மதி தந்தது. ஆனால் சோறு இறங்கவில்லையே! "வயசானா அப்படித்தான்" என்றார்கள் உறவினர்கள்.

காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அப்பா தன் சிரமத்தைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குரல்வளைக்குக் கீழே விரலை வைத்து, "இந்த எடத்துல கதவு சாத்துன மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். "அங்கே உண்மையிலேயே ஒரு கதவு இருக்கிறது ஐயா" என்றார் மருத்துவர்.

அந்தக் கதவின் பெயர் கிரிக்கோஃபெரிஞ்சியஸ் தசை. தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் வளையம்போல் இருக்கிறது. மற்ற தசைகள் பெரும்பாலும் ஓய்வில் தளர்ந்திருக்கும். இது நேர்மாறு. எப்போதும் இறுகி மூடியிருக்கும். நாம் விழுங்கும் நொடியில் மட்டும், ஏறக்குறைய அரை விநாடிக்குத் தளர்ந்து வழிவிடும். மூச்சு விடும்போது காற்று வயிற்றுக்குள் போகாமலும், வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறி வராமலும் காப்பது அதன் வேலை.

குரல்வளை மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அது மேலே எழும்பி இறங்கும். அப்படி எழும்பும்போதுதான் இந்தக் கதவும் இழுக்கப்பட்டுத் திறக்கிறது. பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நோய்களில் மூளையிலிருந்து வரும் கட்டளை தவறினால், தசை நேரத்துக்குத் தளராது. முதுமையாலோ, தசை அழற்சியாலோ, கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதாலோ தசையே விறைத்துப் போவதும் உண்டு. அப்போது உணவு கதவுக்கு மேலேயே தேங்கும். அடுத்த மூச்சில் அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் புரை ஏறும். நுரையீரல்வரை போனால் நிமோனியா வரலாம். உண்மையான ஆபத்து அதுதான்.

மருத்துவர் எங்களைப் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பினார். "அவர் நல்லாத்தானே பேசுறாரு?" என்று அம்மா கேட்டார். பேசவும் விழுங்கவும் பெரும்பாலும் அதே தசைகள்தாம் உழைக்கின்றன என்பதால், விழுங்கும் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு என்பது அன்றுதான் தெரிந்தது. அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, பேரியம் கலந்த நீர், கூழ், பிஸ்கட் என ஒவ்வொன்றாக விழுங்கச் சொல்லி, எக்ஸ்ரேயைப் படம்போல் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். திரையில் பேரியம் கறுப்பாக இறங்கி வந்தது. கழுத்தின் பின்பக்கத்திலிருந்து கட்டைவிரல்போல் ஒரு புடைப்பு அதை மறித்தது. நூல்போல் கொஞ்சம் மட்டுமே உள்ளே போனது. ஸ்கோப் குழாய் அந்தத் தசையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அதில் இந்தக் கோளாறு தெரியாமல் போகலாம் என்று விளக்கினார்கள். விழுங்கும் கணத்தைப் படம் பிடித்தால்தான் பிடிபடும்.

சிகிச்சைக்குப் பல வழிகள் சொன்னார்கள். தொண்டைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி ஒன்று. பலூனை உள்ளே செலுத்தி, விரித்து, வழியை அகலமாக்குவது இன்னொன்று. போடோக்ஸ் ஊசியால் தசையைத் தளர்த்தலாம். சில மாதங்களில் அதன் பலன் குறையும். கடைசியாக, அந்தத் தசையை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை. 1951லேயே போலியோவால் விழுங்க முடியாமல் போனவருக்கு இதைச் செய்திருக்கிறார்கள். இன்று பலருக்குக் கழுத்தைக் கீறாமல் வாய்வழியாகவே செய்கிறார்கள். பலன் நீடிக்கும்; ஆனால் மயக்க மருந்து தேவை, அரிதாக உணவுக்குழாயில் கசிவும் கிருமித்தொற்றும் ஏற்படலாம்.

அப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. ரத்தம் உறையாதிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். தம்பி, "ஒரேயடியா ஆப்பரேஷன் செஞ்சிடலாம்" என்றான். அம்மாவோ, "கத்தியே வேணாம். நான் எல்லாத்தையும் அரைச்சுக் குடுத்துடுறேன்" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரைச்சத ஊட்டிவிட நான் என்ன கைக்குழந்தையா? என் தொண்டையப் பத்தி என்னக் கேக்காம பேசுறீங்க."

அதன்பின் முடிவை அவரிடமே விட்டோம். மறுபடி ரொட்டி சானாய் சாப்பிட முடியுமா என்பது மட்டுமே அவர் மருத்துவரிடம் கேட்ட கேள்வி. "உறுதி சொல்ல முடியாது. பருப்புக் கறியில் ஊறவைத்து, சிறு துண்டாகச் சாப்பிட வாய்ப்பிருக்கிறது" என்றார் அவர். அப்பா பலூன் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். இதய மருத்துவரைக் கலந்துபேசி, மாத்திரையை எப்படிக் கையாள்வது என்று முடிவுசெய்த பிறகே அது நடந்தது. ஒரு வாரத்தில் சாம்பாரில் ஊறிய இட்லி இரண்டு இறங்கியது. மூன்று மாதத்தில் 4 கிலோ ஏறியது. மறுபடி இறுகினால் மறுபடி விரிக்க வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சியும் தொடர்கிறது. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் உயர்த்திக் கால் விரல்களைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே இருந்து, ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை. பிறகு தலையை முப்பது முறை தூக்கி இறக்க வேண்டும். எண்ணுவது என் மகள் வேலை. கழுத்தெலும்புத் தேய்மானமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

எங்கள் சமையலறையும் மாறியது. உதிரியான புட்டு இல்லை. தேங்காய்ப்பாலில் ஊறிய இடியப்பம் உண்டு. தண்ணீராக ரசம் ஊற்றிய சோறு எளிதென்று நினைப்போம். ஆனால் நீரும் பருக்கையும் வெவ்வேறு வேகத்தில் இறங்குவதால் பலருக்கு அது சிரமம்; குழையப் பிசைவது நல்லது. பக்கவாதம் வந்த சிலருக்குப் பச்சைத் தண்ணீர்தான் அதிகம் புரை ஏற்றும். அவர்களுக்குக் கெட்டியாக்கித் தருவார்கள். அப்பாவுக்கோ கெட்டியானதுதான் நிற்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் உணவுமுறையை அப்படியே பின்பற்றாதீர்கள். மாத்திரையைப் பொடியாக்கும் முன்பும் மருந்தாளரைக் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

அடிக்கடி புரை ஏறுதல், குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், விழுங்கியது மேலேறி வருதல், காரணமின்றி எடை குறைதல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. "சாப்பிட்டீங்களா?" என்று போனில் கேட்டால் எல்லா அப்பாக்களும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, ஒரு வேளையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எதை ஒதுக்குகிறார் என்று பாருங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.