வெள்ளரி வேர் காட்டும் கணக்கு

திட்டக்குடிப் பக்கத்துப் பருத்தி வயல் ஒன்றுக்கு வந்த ஆய்வு அறிக்கையை ஓர் இளைஞர் என்னிடம் காட்டினார். 2,4-டி களைக்கொல்லியின் எச்சம் 'இல்லை' என்றிருந்தது. அவர் கையிலிருந்த கொழுந்தோ வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிளந்திருந்தது. பக்கத்து மக்காச்சோளத்துக்கு அடித்த மருந்து. அது எஸ்டர் வடிவம் என்றால் அடித்து முடித்த பிறகும் ஆவியாகிப் பறக்கும். கண்ணெதிரே இலை இருக்க, தாளை நம்பச் சொல்கிறார்கள்.

அண்ணாமலைநகரில் என் வேலை வெள்ளரி வேரை அளப்பது. செடிச் சாறு ஊறிய வடிதாளில் விதையை இருட்டில் முளைக்கவிட்டால், வேர் குறுகிய அளவே கணக்கு. சாற்றில் 2,4-டி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாலும் வெள்ளரி காட்டிவிடும்.

ஆனால் செடிக்குள் உருமாறி நிற்கும் மருந்துதான் என்னைப் படாதபாடு படுத்தியது. புல்லினப் பயிர்கள் பெரும்பாலும் 2,4-டி-யின் வளையத்தில் ஹைட்ராக்சில் ஏற்றிச் சர்க்கரையோடு கட்டிவிடும். அதன் வீரியம் அதோடு சரி. அகலஇலைச் செடிகளில் பல, அதை அஸ்பார்டிக், குளூட்டமிக் அமிலங்களோடு சேர்க்கின்றன. அந்தப் பிணைப்பை நொதி அறுத்தால் பழைய 2,4-டி திரும்ப வெளியே வரும். 1970களில் பென்சில்வேனியாவில் ஹாமில்டன், மம்மா குழுவினர் இத்தகைய அமினோ அமிலச் சேர்மங்களைத் தயாரித்து, சோயா திசுவிலும் ஓட்ஸ் முளையுறையிலும் இட்டுப் பார்த்தார்கள். அவை வளர்ச்சியைத் தூண்டின. பிறகு எப்படி 'இல்லை' என்பது?

2,4-டி சர்க்கரையோடு நேரே எஸ்டராகச் சேர்ந்த கட்டு லேசான காரத்திலேயே அவிழும். அமினோ அமிலக் கட்டுக்கு அமிலத்தில் நெடுநேரம் கொதிக்க வேண்டும். கொதித்ததை ஈதரில் இறக்கி, ஈதரைச் சொட்டு விடாமல் ஓட்ட வேண்டும். துளி ஈதரோ உப்போ தங்கினால் வேர் அதனாலேயே குறுகும். பருத்திச் சாறு தானாகவே வேரை அடக்கும் என்பதால், மருந்து படாத அதே ரகச் செடியின் சாறும் பக்கத்திலேயே ஓட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத அளவுக்கு மதிப்பே கிடையாது. இதையெல்லாம் சலிக்காமல் செய்தோம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இப்போது வேரை அளக்க வேண்டியதில்லை, ஆய்வகக் கருவி நிமிடத்தில் எண் தருகிறது. கருவி மீது எனக்குக் குறையில்லை. ஆனால் கொதிக்க வைக்காத சாற்றை அதில் ஏற்றினால் கட்டுப்படாத 2,4-டி மட்டும்தான் தெரியும். நேரம் மிச்சம் என்று அந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். இழப்பீடு கேட்கப் போகிற விவசாயி அந்தத் தாளோடு வெறுங்கையாகத் திரும்புகிறார். 'இல்லை' என்று எழுதும்போது, சாற்றைக் கொதிக்க வைத்தார்களா என்பதையும் அதே தாளில் எழுதட்டும்.