உள்ளங்கை அளவு ரப்பர்

கோயம்புத்தூரில் நாலு பேர் கூடி கார் பந்தயம் பற்றிப் பேசினால், நரேன் கார்த்திகேயன் பெயர் வந்த கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் கேலியைச் செய்துவிடுவார்: "ஆறு கார் ஓடின பந்தயத்துல நாலாவதா வந்தவர்தானே!" எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர மனம் வந்ததில்லை. கார் எதன் மீது ஓடுகிறது என்பதை உலகத்துக்கு அவ்வளவு பகிரங்கமாகச் சொன்ன பந்தயம் வேறு எதுவும் இல்லை என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். இரண்டு நாட்களுக்கு முன் நடந்த பயிற்சியில், சாய்வாக அமைந்த 13-வது திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் இடது பின் டயர் செயலிழந்து, கார் சுவரில் மோதியது. அந்தத் திருப்பத்தில் காரின் வேகமும் தரையின் சாய்வும் சேர்ந்து வெளிப்புற டயரை நசுக்குகின்றன. தன் டயர்கள் அந்த பாரத்தை முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உத்தரவாதம் தர மிஷலின் நிறுவனத்தால் முடியவில்லை. அந்த ஆண்டு விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான். திருப்பத்துக்கு முன் வேகத்தடை மாதிரி ஒரு வளைவை அமைக்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் மாட்டிய 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. கூட்டம் கூச்சலிட்டது, பாட்டில்கள் பறந்தன. ஜோர்டான் அணியின் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பிறகு மிஷலின் அறிவித்தது.

கோடிக்கணக்கில் செலவழித்த இஞ்சின்கள், உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் எல்லாம் இருந்தும் ரப்பர் முடியாது என்றதும் எல்லோரும் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டு பேர் உட்கார்ந்த ஒரு சின்ன கார் 800 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ, அதாவது 440 பவுண்டு. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால், தோராயமாக 15 சதுர அங்குல ரப்பர் தரையைத் தொடும். உங்கள் உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பது, திருப்புவது, விரட்டுவது எல்லாமே இந்த நாலு உள்ளங்கைகள் வழியாகத்தான். ஸ்போர்ட்ஸ் காரின் உள்ளங்கை கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

இதைப் பந்தயக்காரர்கள் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். அந்தமானில் லாங் ஐலண்டுக்குப் படகில்தான் போக வேண்டும். பந்தயக் கார் அங்கே ஒருநாளும் இறங்கப் போவதில்லை. ஆனால் அங்கே கடற்கரை மணலில் சைக்கிள் மிதிக்கும் பையனுக்கு இந்தப் பாடம் தெரியும். காற்று திம்மென்று இருந்தால் சக்கரம் மணலைக் கிழித்துக்கொண்டு புதையும். கொஞ்சம் இறக்கிவிட்டால் டயர் பரந்து, மணல் மேல் மிதந்து போகும். அதே சைக்கிளை அப்படியே சிமெண்டுப் பாதையில் ஏற்றினால் மிதிக்கக் கால் வலிக்கும், திருப்பத்தில் வண்டி நெளியும். எல்லாத் தரைக்கும் ஒரே காற்று சரிவராது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த பந்தயத் தடத்தில் மெக்கானிக்குகளைக் கவனித்திருக்கிறேன். அதற்கு முன் பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில். கார் உள்ளே வந்ததும் ஒருவர் ஊசி போன்ற கருவியை டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் குத்தி வெப்பம் பார்க்கிறார். நடுப்பகுதி அதிகம் சூடாக இருந்தால் காற்று கூடுதல். இரண்டு விளிம்புகளும் நடுவைவிடச் சுட்டால் காற்று குறைவு. டாக்டர் நாடி பார்ப்பது மாதிரிதான்.

சூடு ஏற ஏறக் காற்றழுத்தமும் ஏறும். 30 பவுண்டு காற்றுள்ள டயரில் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் ஒன்றரை பவுண்டு கூடும். அதனால்தான் பந்தயத்தில் குறைத்து வைத்துப் புறப்படுகிறார்கள். சில சுற்றுகளில் டயர் சூடாகி, வேண்டிய அளவுக்கு வந்து சேரும். மென்மையான ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமானது நீடித்து உழைக்கும், ஆனால் வழுக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே பாதிப் பந்தயம் முடிந்துவிடுகிறது.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் நுட்பமானது. முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். பின் டயரில் குறைந்தால் வால் ஆடும். 1960-களில் அமெரிக்காவில் விற்ற செவர்லே கார்வேர் காருக்குப் பின்னால் இஞ்சின். முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு என்பது நிறுவனத்தின் கணக்கு. நாலுக்கும் ஒரே அளவு காற்று அடித்தால், வேகமான திருப்பத்தில் வால் முன்னால் வரப் பார்த்தது. ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புத்தகத்தில் அந்தக் கார்தான் முதல் குற்றவாளி. இஞ்சினைப் பின்னால் வைத்த போர்ஷே 911-இன் பல மாடல்களுக்கும் முன்னால் 36, பின்னால் 44 என்றுதான் அளவு. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது இந்த 911 வகைக் காரில்தான். அந்தச் செய்தியைக் கொண்டாடிய எத்தனை ரசிகர்கள் தங்கள் பைக்கில் காற்று பார்த்திருப்பார்கள்?

என் அக்கா மகன் பழைய கார் ஒன்றை வாங்கி, பளபளக்கும் பெரிய சக்கரங்களும் அகல டயர்களும் மாட்டிவந்தான். "டயர்னா கறுப்பா, வட்டமா இருக்கும். அதுல என்னங்க மாமா இருக்கு?" என்றான். அகல டயர் திருப்பத்தில் நன்றாகப் பிடிக்கும், உண்மை. பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டியரிங்குக்கு உடனே பதில் வரும், அதுவும் உண்மை. ஆனால் நம் ஊர்க் குழிகளில் சக்கர விளிம்பு வளைவதும், தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரம் மிதப்பதும் அதே அளவு உண்மை.

விமான டயர்களை வைத்து 1960-களில் நாசா ஆய்வாளர்கள் ஒரு சூத்திரம் கண்டார்கள். தேய்ந்து வழவழப்பான டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், நீர் தேங்கிய சாலையில் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரில் அது தரையை விட்டு மேலே எழும். 20 பவுண்டு என்றால் 75 கிலோமீட்டரிலேயே. ஐப்பசி மழையில் அவிநாசி சாலையில் 75 என்பது யாருக்கும் வேகமாகத் தோன்றாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த நொடியில் வெறும் அலங்காரம்.

பெட்ரோல் பங்கில் காற்று பார்ப்பவர் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனால் டயர் சூடேறி மூன்று நான்கு பவுண்டு கூடக் காட்டும். "அதிகமா இருக்கு சார்" என்று அவர் இறக்கிவிடுவார். மறுநாள் காலை ஆறிய டயரில் அத்தனையும் குறைவாக இருக்கும். குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடு. சூடு கூடினால் அடுக்குகள் பிரியும். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, ஃபோர்டு எக்ஸ்புளோரருக்கு 26 பவுண்டு போதுமா, 30 வேண்டுமா என்று இரண்டு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. நாலு பவுண்டுச் சண்டைதான். ஆனால் அந்த டயர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இருநூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அதன் விளைவாக வந்த சட்டம்தான், காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கை அங்கே புதிய கார்களில் கட்டாயமாக்கியது.

அக்கா மகனுக்கு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பேனா அளவில் ஒரு காற்றழுத்தமானி வாங்கிக் கொடுத்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் காட்டினேன். அவன் மாட்டிய டயர் அளவு அதில் இல்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அட்டவணையில் இருந்த அளவுக்கே மாற்றிவிட்டான். பெரிய சக்கரங்கள் இப்போது அக்கா வீட்டு மொட்டை மாடியில், வடாம் காயவைக்கும் துணி பறக்காமலிருக்க நாலு மூலையிலும் பாரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி நகரும் முன், குந்தி உட்கார்ந்து நாலு டயரையும் அளக்கிறான். ஸ்டெப்னியைச் சேர்த்து ஐந்து.