அப்பாவின் நிகழ்ச்சி

தொண்ணூறுகளில் பிடித்த நிகழ்ச்சிகள் எவை என்று யார் கேட்டாலும் உடனே அடுக்குவேன்: வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஏ.வி.ரமணனின் ‘சப்தஸ்வரங்கள்’, உமாவின் ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’. இவற்றோடு நான் சொல்லாமல் மறைத்துவந்த பெயர் ஒன்று உண்டு: சென்னைத் தூர்தர்ஷனின் ‘வயலும் வாழ்வும்’. அது என் அப்பாவின் நிகழ்ச்சி. அவரிடமிருந்து அதைப் பறித்தவன் நான்.

உழவர்களுக்கென்றே 1967-ல் தில்லியில் ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கினார்கள். 1975-ல் வந்த சென்னை நிலையமும் உழவர்களுக்கு இடம் கொடுத்தது. நாவலூரில் எங்களுக்கு ஏரிப் பாசனக் கழனி. அப்பா சொர்ணவாரி, நவரை இரண்டு பருவத்திலும் நெல் வைப்பார். புகையான் பூச்சி விழுந்தால் தண்ணீரை வடிக்க வேண்டும், யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும் என்று டிவியில் சொல்வதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனவருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. பிறகு எங்கள் தெருவுக்கும் கேபிள் வந்தது. அப்பா கழனியிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்காருவதற்குள் சேனலை மாற்றியிருப்பேன்.

“கொஞ்ச நேரம் அத வைப்பா” என்பார்.

“போப்பா, அதுல என்னா இருக்குது” என்பேன்.

நாளடைவில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

பாட்டு ஆசை மட்டும்தான் காரணம் என்றால் அது பொய். கூடப் படித்தவர்கள் வீட்டுக்கு வரும்போது திரையில் நாற்றும் உரமும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். பயிர் வைக்கிறவர் மகன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டேன். அவர் சேற்றில் நின்று சம்பாதித்த காசில்தான் அந்த டிவி வாங்கியது என்று தெரிந்தே வெட்கப்பட்டேன்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையானது. சிறுசேரியில் சிப்காட் மென்பொருள் பூங்கா வந்தது. கழனிகள் மனைகளாயின. எங்கள் நிலமும் போயிற்று. சாலைமேலும் காலத்தின்மேலும் பழி போட்டு நான் தப்பிக்கலாம். ஆனால் விற்கலாமா என்று அப்பா யோசனை கேட்டபோது, “அத வச்சிக்கினு என்னா பண்ணப்போற” என்று சொன்னவனும் நான்தான். சேனலை மாற்றிய அதே மனசு.

சின்ன வயசு விளையாட்டுத்தனம் என்று தேற்றுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். அவர் தொழிலுக்கு அவர் வீட்டிலேயே மதிப்பில்லாமல் செய்தேன். அவர் இருந்தவரை மன்னிப்புக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.