ஒரே உடம்பில் பல தோல்

மனிதத் தோல் உடம்பெங்கும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. மேல்தோலின் கனம் கண்ணிமையில் சுமார் 0.05 மில்லிமீட்டர், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் 1.5 மில்லிமீட்டர் வரை. அந்த இரண்டு இடங்களிலும் முடியோ எண்ணெய்ச் சுரப்பியோ கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக உண்டு.

ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கும் வால்பாறையில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் உடம்பே இதற்குச் சாட்சி. கொழுந்தும் கத்தரியும் உரசும் விரல்கள் காய்த்துப்போகின்றன. தென்மேற்குப் பருவமழையில் நாளெல்லாம் நனையும் கால்விரல் இடுக்குகள் வெளுத்துச் சேற்றுப்புண்ணாகின்றன. மார்கழிப் பனி இறங்கியதும் குதிகாலில் பித்தவெடிப்பு, முழங்காலுக்குக் கீழே வறண்ட செதில். ஆனால் நெற்றியிலும் மூக்கிலும் அப்போதும் பிசுபிசுப்பு இருக்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்திலும் தலையிலும்தான் மிகுதி.

அதனால் சிகிச்சையும் இடத்துக்கு இடம் மாறியாக வேண்டும். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம் இருக்கும். முகப்பருவுக்கான களிம்பில் பெரும்பாலும் 2 சதவீதத்துக்கு மேல் இராது. உரித்தெடுக்கும் அமிலப் பூச்சும் லேசரும் முகத்தில் சீக்கிரம் ஆறும். முடிக்கால்களிலிருந்து புதுத் தோல் எழுவதே காரணம். அவை குறைவாக உள்ள கழுத்தில் அதே அளவு வைத்தால் தழும்பாகலாம். நெஞ்சிலும் தோளிலும் தழும்பு மேடிட்டு வளரும் இயல்பு அதிகம். நம் மாநிறத் தோலிலோ புண் ஆறிய இடம் கறுத்து, மாதக்கணக்கில் மறையாமல் நிற்கும்.

மருந்தை உறிஞ்சுவதிலும் இந்த வேறுபாடு உண்டு. ஃபெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967இல் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து இதை அளந்தார்கள். முன்கையில் ஒரு பங்கு இறங்கினால் நெற்றியில் 6 பங்கு, தாடையோரத்தில் 13 பங்கு, உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான் இறங்கியது. சிவப்பழகுக்கென்று ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் தடவுவது எவ்வளவு பெரிய கேடு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், ரத்தக்குழாய்கள் தெரியும், பருவும் முடியும் கிளம்பும், நிறுத்தினால் எரியும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று அறிவித்தது. பீட்டாமெத்தசோன், கிளோபீட்டசால், மோமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஒன்று ட்யூபில் அச்சாகியிருந்தால், மருத்துவர் சொல்லாமல் அதை முகத்தில் போடவே கூடாது.