ஓலை ஊறும் நேரம்

சல்லியில் ஒரு வாளி தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டு, வாளியைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் மணல் காய்ந்திருக்கும். ஆவணி மாதம், கச்சான் காற்று ஓயாத நேரம். இந்த மணலில் கத்தரியும் மிளகாயும் பயற்றையும் காய்க்கின்றன என்று யாராவது சொன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளி, ஆலஸ்தோட்டம் கடந்து, சாம்பல்தீவுப் பக்கத்தில் கடலை நோக்கித் திரும்பினால் வரும் மீனவக் கிராமம் இது. வெளியூராருக்கு முத்துமாரியம்மன் கோயிலால்தான் பழக்கம். பொங்கலுக்கு வருகிறவர்கள் கோயிலைக் கும்பிட்டு, கரையில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனது கிடுகு பின்னும் பெண்களைப் பார்க்க. பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தால் தோட்டத்தையும் புத்தகத்தையும் விட்டுவிட்டு அந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியவில்லை. அவர்கள் மூன்றையும் ஒரே முற்றத்தில், ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தார்கள்.

கிடுகு பார்க்கிறவருக்குச் சுலபமான வேலை. தென்னை மட்டையின் அடியையும் நுனியையும் வெட்டி எறிந்துவிட்டு, நடுத்தண்டைக் கத்தியால் நெடுக்கப் பிளந்து இரண்டாக்குகிறார்கள். பிளவு நேராக ஓடவேண்டும். கத்தி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பாதி தடித்தும் மறுபாதி மெலிந்தும் போகும். மெலிந்தது காற்றில் நிற்காது. பிறகு ஊறப்போடுதல். களப்பில் கட்டி அமிழ்த்தி, மேலே கல்லை ஏற்றிவிடுகிறார்கள். நாலைந்து நாளில் ஓலை துவளும், பச்சை வாசம் போய் ஒரு புளித்த வாசம் வரும். உவர்த் தண்ணீரில் ஊறிய ஓலையைக் கறையான் சுலபத்தில் தொடாது என்று எல்லாரும் சொன்னார்கள்.

பின்னுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். பாதி மட்டையைத் தரையில் கிடத்தி, தண்டின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொள்கிறார் ஓர் அம்மா. ஓர் ஓலையை அப்படியே விட்டு அடுத்ததைச் சரித்து மடக்கி, ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று செருகிக்கொண்டே போகிறார். விரல்கள் ஓலையைப் பிடிப்பதில்லை, தள்ளுகின்றன. கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைச் சேர்த்து முறுக்கி விளிம்பை அடைக்கிறார். என்னிடம் ஒரு மட்டையைத் தந்தார்கள். நான் பின்னி முடித்ததை ஒரு சின்னப் பெண் தூக்கிப் பிடித்துக் கண்ணை வைத்து அந்தப் பக்கம் பார்த்தாள். "அக்கா, இதால கடல் தெரியுது" என்றாள்.

இந்தக் கிடுகுகள் கரைவலை மீனவர் தங்கும் வாடிகளின் கூரைக்கும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர் போடும் கடற்கரைக் குடில்களுக்கும் போகின்றன. ஊருக்குள் அதிகம் போவது வேலிக்கு. மாரி மழைக்கு முன் வேலி அடைப்பது இங்கே இன்னும் முறையாக நடக்கிறது. தகரம் வந்துவிட்டது, மதில் வந்துவிட்டது. ஆனாலும் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் தோட்டத்துப் பக்கம் மட்டும் கிடுகாகவே இருப்பதைக் கவனித்தேன். ஏன் என்று முற்றத்தில் மூத்தவரான ஒரு ஆச்சியிடம் கேட்டேன்.

"மகள், விதையை ஆரும் போடலாம். முதல்ல காத்தை மறிக்கத் தெரியணும்" என்றார்.

அதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் வெக்கையாக இறங்குகிறது. இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. மதில் அதைத் தடுக்கும் என்று நினைப்போம். இடைவெளி இல்லாத சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கத்தில் சுழன்று விழும். சுவரோரம் இருக்கிற செடிதான் அடிபடும். தகரம் அதோடு வெயிலையும் திருப்பி அடிக்கிறது, உப்புக் காற்றில் துருவும் பிடிக்கிறது. கிடுகு காற்றை முழுக்க மறிப்பதில்லை. சலித்து, வேகத்தைக் குறைத்து உள்ளே விடுகிறது. வயல் ஓரங்களில் மரவரிசை வளர்க்கிறவர்கள் உலகெங்கும் கடைப்பிடிக்கிற விதியும் இதுதான்: காற்றுத் தடுப்பில் கொஞ்சம் ஓட்டை இருக்க வேண்டும். ஆச்சி இதையெல்லாம் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. தகரத்தோரம் கருகிய மிளகாய்க் கன்றைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கிடுகுக்கு அங்கே எத்தனை பிறவி என்று பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. முதலில் கூரை அல்லது வேலி. மழை தின்று நைந்ததும் நாற்று மேடைக்கு மேல் நிழல் பந்தல். அதுவும் ஆகாது என்றானதும் கிழித்துக் கத்தரி, தக்காளிக் கன்றுகளின் வேரடியில் பரப்பிவிடுகிறார்கள். மணல் சூடாகாது, ஈரம் பறக்காது, உக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். பின்னலுக்கு உதவாத ஓலையில் ஈர்க்கை உரித்தெடுத்து விளக்குமாறு கட்டுகிறார்கள், அடிமட்டை அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் மறுபடி தோட்டத்துக்கு. எளிய வாழ்க்கை என்று நகரத்தில் இப்போது வகுப்பெடுக்கிறார்கள். இங்கே அதற்குப் பெயர் இல்லை. எதையாவது எறிந்தால் மாமி திட்டுவார், அதுதான் விதி.

வேலிக்கு அடுத்தது பொச்சுமட்டை. தேங்காய் உரித்த மட்டைகளைச் சேர்த்துவைத்து, குழி வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மணலும் மாட்டெருவும் போட்டு நிரப்பி அதில் நடுகிறார்கள். மட்டை தண்ணீரை உறிஞ்சி வைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் வறண்ட நிலத் தென்னைகளுக்குப் பல காலமாகச் சொல்லிவரும் முறை இது; மட்டையில் பொட்டாசியம் நிறைய இருப்பது கூடுதல் இலாபம். சல்லிப் பெண்கள் அதைத் தென்னையிலிருந்து பப்பாசிக்கும் புடோலுக்கும் பாகலுக்கும் இறக்கியிருக்கிறார்கள். மீன்தலை, செதிள், குடல் எல்லாம் குழிக்குள் ஆழமாகப் போகின்றன. ஆழம் குறைந்தால் அன்றிரவே நாய் தோண்டும். கருவாடு அலசிய தண்ணீரை மட்டும் தோட்டத்துப் பக்கம் கொண்டுவரவே விடமாட்டார்கள். அதில் இருப்பது உப்பு.

உப்புக்கு அவர்கள் பயப்படுவதில் காரணம் உண்டு. இந்தக் கரையோர மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. மழை நிரப்பும், ஆழமில்லாத கிணறு எடுக்கும். நிலாவெளிப் பக்கத்தில் சின்ன வெங்காயம் விளைவது இந்தத் தண்ணீரில்தான். மோட்டார் பூட்டி வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் வந்து கிணறுகளை மூடிப் போனபின், உதவிக்கு வந்தவர்கள் கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தப்படுத்தினார்கள். நல்ல எண்ணம்தான். கிழக்குக் கரையில் பல இடங்களில் அப்படி அளவுக்கு மிஞ்சி இறைத்ததே உப்பை மேலும் ஏற்றிவிட்டது என்று பிறகு நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிணறுகளைத் திரும்பக் கொடுத்தது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். அந்தக் காலத்தைக் கண்ட ஒரு அக்கா இன்றைக்கும் வாளியால்தான் அள்ளுகிறார். வீட்டில் மோட்டார் இருக்கிறது. குடிக்கவும் குளிக்கவும் அது, தோட்டத்துக்கு வாளி.

2022இல் நாடு முழுக்கத் தோட்டம் போடச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து விளைச்சலைக் குலைத்த அரசாங்கம், அடுத்த ஆண்டு ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிரிடுங்கள் என்றது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்கள் அவை. சல்லியிலும் விதைப் பொதி கொடுக்க ஆட்கள் வந்தார்கள். யார் என்று கேட்டேன். "பேர் ஞாபகமில்ல, படம் எடுத்தவங்க" என்றார் அந்த அக்கா. விதையை மணலில் போட்டவர்கள் கைவிட்டார்கள். ஏற்கெனவே வேலியும் குழியும் வைத்திருந்தவர்களின் வீட்டில் முருங்கையும் பசளியும் மரவள்ளியும் அடுப்பை எரியவைத்தன. வீட்டுத் தோட்டம் விதையில் தொடங்குகிறது என்று நினைப்பவர்கள் எழுதும் திட்டங்கள் கடற்கரையில் தோற்பதில் வியப்பில்லை.

இனி வாசிப்பு. பின்னுகிறவருக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில். காது சும்மா இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பூவரசு நிழலில் கூடுகிறவர்களில் ஒருத்தி வாசிக்கிறாள், மற்றவர்கள் பின்னுகிறார்கள். வாசிக்கிறவள் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண். புத்தகம் கையில் இல்லை, கைப்பேசியில். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறாள். நான் இருந்த நேரம் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' ஓடிக்கொண்டிருந்தது. பருவத்துக்கு நெடுந்தீவுக்கு வந்து வாடி போடும் மீனவர்களின் கதை. இவர்களுக்கு வாடி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பருவத்துக்கு வருகிறவர்களைத் தங்கள் கரையிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே வாசிப்பு அடிக்கடி நின்றது. காற்றைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தால், "அது அந்தக் கரைக்கு, எங்கட கரைக்கு இல்ல" என்று ஒருவர் திருத்தம் சொல்வார். கதையில் ஒரு பெண் செய்தது சரியா பிழையா என்று கால்மணி நேரம் வாக்குவாதம். ஓலையில் கை நிற்கவே இல்லை.

வாசிக்கிறவள் பின்ன முடியாதே, கூலி? பிற்பகல் முடிவில் ஒவ்வொருவரும் தன் அடுக்கிலிருந்து கிடுகு எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். எவரும் அதைப் பேசவில்லை.

எனக்குக் கியூபா ஞாபகம் வந்தது. ஹவானாச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 தொடக்கம், சுருட்டுகிறவர்களுக்குப் பத்திரிகையும் நாவலும் வாசிக்க ஆள் இருந்தது. அவருடைய சம்பளத்தைத் தொழிலாளரே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். மொண்டெகிறிஸ்ரோ என்ற சுருட்டின் பெயரே அங்கே வாசிக்கப்பட்ட டூமாவின் நாவலால் வந்தது என்பார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் இப்படி ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கேரளத்துப் பீடித் தொழிலாளரிடமும் இந்த வழக்கம் இருந்தது. அந்த இடங்களில் வாசித்தவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் ஆண்கள். சல்லி முற்றத்தில் ஆண்கள் வாசல்படியோடு நின்று கேட்டுவிட்டு, கேட்காததுபோலப் போய்விடுகிறார்கள்.

திருகோணமலைக்கு நாவல் புதிதில்லை. 1895இல் 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் ஆச்சியின் வாசிப்பு தொடங்கியது 1970களில். சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவும் குறைந்தது. ஒரு தடை தோட்டக்காரரை உண்டாக்கியது, மற்றது ஈழத்து எழுத்தாளருக்குப் புத்தகச் சந்தையைத் திறந்தது. வீரகேசரி மலிவு விலையில் நாவல்களை வரிசையாக வெளியிட்ட காலம் அது. 'வாடைக்காற்று'ம் அந்த வரிசையில் 1973இல் வந்ததுதான். திருகோணமலைக்காரரான ந. பாலேஸ்வரியின் கதைகளை ஆச்சி தேடித்தேடி வாசித்திருக்கிறார். தகரப் பெட்டி நிறைய இருந்ததாம். தொண்ணூறாம் ஆண்டு இடப்பெயர்வில் பாதி, கடல் வந்த அன்று மீதி. இப்போது அவரிடம் இருப்பது அட்டையில்லாத இரண்டு புத்தகங்கள். பூச்சி தின்னாமல் நடுவில் வேப்பிலை காய்ந்து கிடக்கிறது. எழுத்துப் பொடியாக இருப்பதால் அவரால் வாசிக்க முடியவில்லை. பேத்தி முறையான அந்தப் பெண்ணின் கைப்பேசியில் எழுத்தைப் பெருப்பிக்கலாம் என்றாலும், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம்.

பொது நூலகம் நகரத்தில் இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரம் இவர்களுக்கு வேலை நேரம். கிராமங்களுக்கு வாசிகசாலை வேண்டும் என்று கூட்டங்களில் எல்லாரும் பேசுகிறோம். கட்டடம் திறக்கப்படுகிறது, காலைப் பத்திரிகை வருகிறது, அதை ஆண்கள் வாசிக்கிறார்கள். ஒரு பெட்டி நாவலைப் பின்னுகிற முற்றத்துக்கே அனுப்பி மாதமொருமுறை மாற்றிக் கொடுப்பது அதைவிடச் செலவு குறைந்த வேலை, பலனும் கூடிய வேலை.

கடலோரத்தில் வீடு வைத்துக்கொண்டு இந்த மாரிக்குத் தோட்டம் தொடங்க நினைக்கிறவர்கள் விதைக் கடைக்குப் போவதற்கு முன் கிடுகுக்காரரிடம் போங்கள். ஆவணியிலேயே சொல்லிவைக்க வேண்டும். புரட்டாசியில் ஊர் முழுக்க வேலி அடைக்கத் தொடங்கினால் கேட்ட அளவு கிடைக்காது. ஐப்பசி மழைக்குள் வேலியும் பொச்சுக்குழியும் முடிந்திருந்தால், நாலு கத்தரி, நாலு வெண்டி, ஒரு முருங்கைத் தடி போதும் முதல் வருடத்துக்கு. போகும்போது வாசித்து முடித்த நாவல் ஏதும் வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டதாகப் பார்த்து.