தாய்மாமன் வாக்கு

என் அக்கா மகனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்று தெரிந்தேதான் அவனுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தேன். ஊருக்கும் சொந்தத்துக்கும் இன்றுவரை வேறு கதைதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்பதால் அந்தக் குறவஞ்சி பற்றி, அதில் வரும் வசந்தவல்லியின் காதல் பற்றி மேடையேறி நிறையப் பேசியிருக்கிறேன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது 377-ஆவது பிரிவின்படி குற்றமாகாது என்றபோதும் டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு “நல்ல தீர்ப்பு” என்றேன். அது அக்கா மகன் காதுக்கு எட்டியிருக்கிறது. கொஞ்ச நாளில் ஐந்தருவி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டினான்.

“மாமா, பொண்ணு பாக்க வேண்டாம்னு அம்மாட்ட நீங்கதான் சொல்லணும். எனக்குச் சின்ன வயசுலருந்தே ஆம்பளைங்க மேலதான் மனசு போகுது.”

“ஒன் நடையில, பேச்சுல ஒண்ணும் தெரியலையேல?” இதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

நான் வளர்ந்த வளர்ப்பு முழுக்க அந்தக் கேள்வியில் இருந்தது. சுடலைமாடன் கொடையில் விடிய விடிய கணியான் கூத்துப் பார்த்தவர்கள் நாங்கள். மகுடம் அதிர அதிர, சேலை கட்டிய ஆண்கள் சலங்கையோடு ஆடுவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. அது சாமி காரியம். திருநங்கைகளைக் கேலியும் பேசுவோம், அவர்களிடம் ஆசீர்வாதமும் வாங்குவோம். 2008-இல் தமிழக அரசு அவர்களுக்கென்று நல வாரியமே அமைத்தது. ஆனால் மீசை வைத்து, புல்லட் ஓட்டி, கபடி ஆடுகிற பையன் இன்னொரு பையனை விரும்பினால் அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, அப்படியென்றால் நாமும் திருநங்கைதானோ என்று பயந்து கிடந்தேன் என்றான். வேறு மாதிரி ஒருத்தரை அவன் பார்த்ததே இல்லை.

தாய்மாமன் மடியில் காது குத்தி, தாய்மாமன் மாலையோடு மணவறை ஏறுகிற வழக்கம் எங்களுடையது. பெற்றவளிடம் சொல்ல முடியாததை மாமனிடம் சொல்லலாம் என்று நம்பி வந்தவனிடம், அதே உரிமையை நான் வேறு விதமாகக் காட்டினேன். “உங்கம்மாவுக்கு சுகர், பிரஷர். இது தெரிஞ்சா தாங்குவாளா? கொள்ளி வைக்க இருக்கது நீ ஒருத்தன்.” இதையே சொல்லிச் சொல்லி அவனைக் கரைத்தேன். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடமும் கூட்டிப்போனேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் அவர். எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம். 2019 தையில் தாலி ஏறியது.

சீனாவிலும் இதே கதைதான் என்று பிறகு படித்தேன். அங்கே 1997-இல் தன்பாலீர்ப்பு குற்றம் என்ற நிலை போனது, 2001-இல் மனநோய்ப் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள். ஆனால் வாரிசு இல்லாமல் போவது பெற்றோருக்குச் செய்யும் பெரிய துரோகம் என்ற எண்ணம் பழைய சீன ஞானி மென்சியஸ் காலத்திலிருந்து வருவது, லேசில் போகவில்லை. ஷாங்காய் மக்கள் பூங்காவில் பெற்றோர்கள் பிள்ளைகளின் வயது, உயரம், சம்பளத்தை எழுதிக் குடைமேல் ஒட்டிவைத்து வரன் தேடுகிறார்கள். தன்பாலீர்ப்புள்ள ஆணும் பெண்ணும் பேசிவைத்துப் பேருக்குக் கல்யாணம் செய்துகொள்வதும் அங்கே உண்டு. அதிலாவது இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு ஒன்றும் தெரியாது.

2021 ஜூனில், வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதினார். இந்த விஷயத்தில் தனக்கே தெளிவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுதினார். இயல்பை மாற்றுகிறேன் என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடையும் போட்டார். தெரியவில்லை என்று அவர் சொல்லலாம். நான் சொல்ல முடியாது. ஐந்தருவி ரோட்டில் அவன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அதே வருஷம் மருமகனின் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்பு என் வீட்டுக்கு வந்தாள். முறைப்படி அவளுக்கு நான் அப்பா ஸ்தானம். காப்பியைத் தொடவில்லை.

“பெரியப்பா, அவரு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“சத்தியமா தெரியாதும்மா.”

என் மருமகன் பக்கத்து அறையில்தான் இருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

முக்கியமான விஷயத்தை மறைத்துச் செய்த கல்யாணம் என்று நிரூபித்தால், இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அவள் வீட்டார் அதற்குத்தான் முயன்றார்கள். முன்கூட்டியே தெரியும் என்று சாட்சி சொல்ல என்னைத் தவிர யாருமில்லை. நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் காரணம் எதுவும் எழுதாமல், பரஸ்பர சம்மதம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவன் இப்போது பெங்களூரில். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது; தாங்கிக்கொண்டாள், நான் பயமுறுத்திய மாதிரி ஒன்றும் ஆகவில்லை. வாரம் ஒருமுறை அவனோடு போனில் பேசுகிறாள்.

காரணம் எழுதாத இடத்தில் ஊரே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டது. அவளுக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். விசாரிக்க வருகிறவர்கள் எங்கள் பக்கமும் வருகிறார்கள். போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்கு உட்காரும்போது ஒருவர் என் காதருகே குனிந்து, “அந்தப் பொண்ணுகிட்டதான் ஏதோ குறையாமே?” என்றார்.

“பழசு, விடுங்க” என்று சொல்லிவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தேன்.