சிலம்பும் ஆயிரம் பொற்கொல்லரும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பிற்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவாடிய அரண்மனைப் பொற்கொல்லன், அப்பழியைக் கோவலன் தலையிற் சுமத்தும் இடம் வந்தது. “வஞ்சகத் தட்டான்” என்றேன். வாய்தவறி வந்த சொல்லன்று. எனக்குக் கற்பித்தவர்களும் அப்படியே சொன்னார்கள். பின்வாங்கிலிருந்த இரண்டு மூன்று மாணவர் ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். அவனுடைய தகப்பனார் நகைவேலை செய்பவர்.

வகுப்பு முடிந்ததும் அவன் புத்தகத்துடன் வந்தான். நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையைத் தானாகவே வாசித்திருந்தான்.

“களவெடுத்தது ஒராள்தானே சேர்? பிறகேன் ஆயிரம் பேரைக் கொன்றவை?”

பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான், மழை பெய்தது என்கிறது அக்கட்டுரை. பல்கலைக்கழகத்தில் இப்பகுதியை நான் நன்றாகவே படித்தவன். இலங்கைக் கயவாகுவின் பெயர் வருவதும் இதிலேதான். அதைக்கொண்டு நூலின் காலத்தைக் கணிக்கும் வாதங்களைப் பரீட்சையிற் பக்கம் பக்கமாக எழுதினேன். ஓர் அரசனின் பெயர் என் கண்ணிற் பட்டது. அதற்குச் சற்று மேலேயிருந்த ஆயிரம் உயிர்கள் படவில்லை. வரலாறன்று, கதையே என்று இதனைத் தள்ளிவிடலாம். அவ்வாறாயின், இப்படியொரு கதையைக் கூசாமற் சொல்லவும் கேட்கவும் முடிந்த சமூகம் எத்தகையது?

இத்தனைக்கும், அரசவையில் உண்மையை நிலைநாட்டியது ஒரு பொற்கொல்லனின் வேலையே. தேவியின் சிலம்பினுள்ளே முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பினுள்ளே மாணிக்கப் பரல். வெளித்தோற்றத்தில் அரசனையே ஏமாற்றிய இரண்டையும் பிரித்துக் காட்டியது, பெயரறியாத ஒரு தொழிலாளி உள்ளே இட்ட கல்.

எனது திருமணத்துக்குமுன் நடந்த பொன்னுருக்கு அன்றிரவு நினைவுக்கு வந்தது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த முதிய பத்தர், குத்துவிளக்கின்முன் சப்பணமிட்டு அமர்ந்து, கரிநெருப்பை ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். தாலிக்கான பொன் இளகி ஒரு துளியாய் உருண்டது. அந்த அழகைப் பார்க்கவிடாமல் உறவினரொருவர் என் காதருகே குனிந்தார்: “தம்பி, அவற்றை கையிலை ஒரு கண் வைச்சிரும்.” பத்தருக்கும் அது கேட்டிருக்கும். அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. நானும் சொன்னபடியே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதே காதையிற் ‘கேவணம்’ என்ற சொல்லுக்கு வந்தோம். கல்லழுத்தும் குழி என்பது உரை. அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது. வெண்கட்டியை அந்த மாணவனிடம் கொடுத்தேன். சற்றுத் தயங்கியே எழுந்து வந்தான். கரும்பலகையில் ஒரு குழியின் வெட்டுமுகத்தை வரைந்தான். கல்லின் அளவுக்கு அதைக் குடைவதையும், கல்லை இருத்தியபின் சுற்றியுள்ள பொன்விளிம்பை ஆயுதத்தால் மெல்ல அதன்மேல் நெரிப்பதையும் விளக்கினான். அழுத்தம் கூடினால் கல் வெடிக்கும், குறைந்தாற் கழன்று விழும் என்றான்.

முதல்நாள் சிரித்தவர்களில் ஒருவன் கையை உயர்த்தி, கல் வெடித்தால் நட்டம் யாருக்கு என்று கேட்டான்.

“எங்களுக்குத்தான்” என்றான் அவன்.